குடில் மூலையில் ஒரு பச்சைத் தொட்டி

எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலை ஒட்டிய மூலைக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் மரியாதை. கிறிஸ்துமஸுக்கு அங்கே குடில் வைப்போம். மிச்சப் பதினோரு மாதமும் இஸ்திரிக்குப் போகாத துணிக்கும் ஓடாத டேபிள் ஃபேனுக்கும் அதுதான் புகலிடம். போன ஜூன் மாதம் துணியை நகர்த்திவிட்டு அங்கே ஒரு மீன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். என் மனைவி துணியை மடித்தபடியே, “டிசம்பர்ல என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டாள். ஜூன் மாதத்தில் டிசம்பரைப் பற்றிக் கேட்கிறவள் அவள். பள்ளிக்கூட டீச்சர். அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் மனசுக்குள் அட்டவணை போட்டு வைத்திருப்பாள்.

நான் பஸ் கண்டக்டர். அடுத்த ஸ்டாப்பிங்கைத் தாண்டி யோசித்துப் பழக்கமில்லை. “அப்ப பாத்துக்கலாம்” என்றேன்.

“நீங்க பாத்துக்க மாட்டீங்க. நான்தான் பாத்துக்கணும்” என்றவள், நின்ற இடத்திலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டாள். “தண்ணி தெளிவா இருந்தா குடிலுக்குப் பக்கத்துல குளமா இருக்கட்டும். வருஷா வருஷம் ஒடஞ்ச கண்ணாடிய வச்சு அதுதான் குளம்னு சொல்றோம், இந்தத் தடவ நெசக் குளம். அழுக்கா இருந்துச்சு, தொட்டி ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போயிடும். இப்பவே சொல்லிட்டேன்.”

ஈக்காட்டுத்தாங்கலில் என் தம்பி இருக்கிறான். லேத் பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் எது வேண்டாததாக ஆனாலும் அது அவனுக்கு வேண்டியதாகிவிடும்.

தொட்டி ஒன்றும் பெரியதில்லை, இரண்டடி நீளம். இந்தக் காலத்தில் தொட்டிக்குள் தோட்டம் போடுகிறவர்கள் கேஸ் சிலிண்டர் வைத்து, ட்யூப் விட்டு, குமிழி குமிழியாகச் செடிக்கு ஊட்டுகிறார்கள். என்னுடையது அந்த ரகம் இல்லை. அடியில் கொஞ்சம் மண், அதன் மேல் மணல், நாலைந்து வகைச் செடி, காற்று விடுகிற பஞ்சு ஃபில்டர் ஒன்று, மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு, பன்னிரண்டு கப்பி மீன். அவ்வளவுதான். திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் ஒரு தெருவில் மீன் கடை வைத்திருக்கும் பாய்தான் எனக்கு எல்லாம் எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பத்து வயது இளையவர். ஆனால் யாராக இருந்தாலும் அவருக்கு நைனாதான்.

“நைனா, சிலிண்டர், மருந்து, உரம் ஒண்ணும் வாணாம். லைட்டு ஆறு மணி நேரம். வாரத்துக்கு ஒரு தபா கொஞ்சம் தண்ணி மாத்து. மீனுக்குத் துளியூண்டு சாப்பாடு. அப்பால நீ உன் வேலைய பாரு, அது அதும் வேலைய பாக்கும்” என்றார். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். மிச்சம் எல்லாம் இப்படி யாராவது வாயால் சொல்லி நான் காதால் படித்ததுதான். அதனால் பாய் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

நாலு மாதம் அது அதன் வேலையைப் பார்த்தது. செடி படர்ந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாமல் மீன்கள் காற்றில் மிதப்பது போலத் தெரியும். என் மனைவி முதலில் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள். பிறகு ஸ்டாஃப் ரூமில் படம் காட்டினாள் என்று அவளோடு வேலை பார்க்கும் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டபோது, “போன்ல வேற எதையோ காட்டறப்ப தப்பா அது வந்துடுச்சு” என்றாள்.

எதிர்வீட்டு மாமாவும் சாயந்திரமானால் வந்து தொட்டிக்கு முன்னால் உட்காருவார். பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். எங்கள் மந்தைவெளி வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் அவருக்கு உலகம் என்பது அவர் வீடு, எங்கள் வீடு, நடுவில் உள்ள மாடிப்படித் திட்டு. மாமி ஆகஸ்டிலிருந்தே கோயம்புத்தூரில். அங்கே அவர்கள் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருந்தது. டாக்டர் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா தனியாகக் குக்கரோடு போராடிக்கொண்டிருந்தார். நானும் என் மனைவியும் காலையில் கிளம்பிவிடுகிறவர்கள், ஆகவே கேஸ்காரர் வந்தால், தண்ணீர் கேன் வந்தால் திறந்துவிட எங்கள் வீட்டுச் சாவி ஒன்று மாமாவிடம் இருக்கும்.

ஐப்பசி பிறந்தது. மழையும் வந்தது. கூடவே பாசியும் வந்தது.

முதலில் கண்ணாடியில் பவுடர் பூசிய மாதிரி ஒரு பச்சை. கிரெடிட் கார்டு போல ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து எடுத்தேன், போய்விட்டது. மறுவாரம் செடி இலைகளின் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கியது. பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் சேமியா மாதிரி வந்தது. அதற்கு அடுத்த வாரம் தண்ணீரே பச்சையாகிவிட்டது. மணலில் வெள்ளையாக, பஞ்சு போல ஏதோ ஒன்று அங்கங்கே படிந்திருந்தது. வீடியோவில் பார்த்தேன், பூஞ்சை என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் மீன் முட்டை என்றார். அதைவிட ஆச்சரியம், மீன்களுக்கெல்லாம் வயிறு உப்பியிருந்தது.

“எல்லாமே மாசமா இருக்கு” என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “வால் பெருசா, கலர் கலரா இருக்கறது ஆம்பளைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“அதுங்களும் மாசமா இருக்கா?”

நான் மீன்களை மறுபடி எண்ண ஆரம்பித்தேன். அவள் காலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், திருவருகைக் காலம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் குடில் வேலை ஆரம்பிக்கும். “அன்னிக்குள்ள தெளியணும். இல்லன்னா உங்க தம்பிக்குப் போன் பண்ணிடுவேன்.” அந்த வாரமே தம்பி எனக்குப் போன் செய்து, “இன்னா அண்ணே, தொட்டி எப்ப வருது? எடம் பாத்து வச்சிகினேன்” என்றான். கெடு வரைக்கும் காத்திராமல் என் மனைவி சொல்லிவிட்டிருந்தாள். அவளுக்குப் பொறுமை என்பது குழந்தைகளிடம் மட்டும்தான்.

பஸ்ஸில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவன் இல்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். மயிலாப்பூர் தெப்பக்குளம் தாண்டுவதற்குள் ஏழு வைத்தியம் கிடைத்தது. படிகாரம் போடச் சொன்னார் ஒருவர். துளசி போடுங்கள் என்றார் ஒரு அம்மா. காலேஜ் பெண் ஒருத்தி, நத்தை வாங்கி விடுங்க அங்கிள், அது வெறும் பாசியா சாப்பிடும் என்றாள். நத்தை வாங்கி விட்டேன். இருந்த ஆறு நத்தையும் ஒரே வாரத்தில் குண்டாகி ஃபில்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன, பாசியைத் தொடவில்லை. நொச்சிக்குப்பத்தில் கூடையோடு ஏறும் மீன்காரம்மா மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. “தண்ணி பச்சையா கீதுன்னு மீனு வந்து உன்னாண்ட சொல்லிச்சா? அதுக்கு இன்னா கஷ்டம்? பாக்கற உனக்குத்தான் கஷ்டம். கண்ண மூடிக்கோ” என்றார். அந்த வாக்கியத்தை மட்டும் ஷிஃப்ட் முடியும் வரை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மனைவிக்குக் கண்ணை மூடும் வழக்கமில்லை.

தினம் சாயந்திரம் மாமாவிடமும் புலம்புவேன். அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்வார். “வெளிச்சம் ஜாஸ்தியோ என்னவோ, கண்டக்டர் சார். ஜன்னலை மூடிப் பாருங்கோளேன்” என்று அவர் சொல்லித்தான் மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியை அடர்ந்த நிறப் போர்வையால் மூடும் வைத்தியத்தில் இறங்கினேன். வீடியோவிலும் அதைத்தான் சொன்னார்கள். மூன்று நாளும் விளக்கு கூடாது, சாப்பாடு கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. என் மனைவி பார்த்துவிட்டு, “தவக்காலத்துல கோயில்ல சுரூபத்தத் துணியால மூடின மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் பாவ மனஸ்தாபம் வரணும்” என்றாள்.

நாலாம் நாள் போர்வையை விலக்கினேன். கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. அந்த வாரக் கடைசியில் பழையபடி பச்சை. முன்னைவிடப் பச்சை. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, அதில் பன்னிரண்டு மீன் இருக்கிறது என்று நான் சொன்னால்தான் ஆள் நம்பவேண்டும்.

லீவு நாளில் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனேன். பாய் பாட்டிலை வெளிச்சத்துக்குக் காட்டினார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“நைனா, சாப்பாடு எவ்ளோ போடுற?”

“துளிதான் பாய். விரல் நுனில. ஞாயித்துக்கெழம அதுவும் இல்ல.”

“விளையாடாத. இது கல்யாண வூட்டுப் பின்பக்கத் தண்ணி மாதிரி கீது. மீன் திங்காததெல்லாம் அழுகிப் பாசிக்கு உரமாயிகினு கீது. நீ போடலன்னா உன் வூட்ல வேற யாரோ போட்டுகினு கீறாங்க.”

என் வீட்டில் நான், என் மனைவி, இரண்டே பேர். பிள்ளைகள் வெளியூரில். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்த எண்ணம்தான். மூலை அவளுக்கு வேண்டும். தொட்டி போகவேண்டுமென்றால் தண்ணீர் கெடவேண்டும். கணக்கு எவ்வளவு அழகாகச் சேர்கிறது! வீட்டுக்கு வந்து காப்பி குடித்தபடி, ஏதோ பொதுவாகக் கேட்பது போல, “மிச்சம் மீதி எதையாவது தொட்டில போடறியா நீ?” என்று கேட்டேன்.

முப்பது வருஷமாகப் பிள்ளைகள் திருட்டுமுழி முழிப்பதைப் பார்த்தவள். என் கேள்வியின் அடிமட்டம் வரைக்கும் ஒரே நொடியில் போய்வந்துவிட்டாள்.

“எனக்கு ஒரு தொட்டி போகணும்னா, வாசல்ல கொண்டுபோய் வச்சுட்டு, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுவேன். மீனுக்குச் சோறு போட்டுச் சதி பண்ண மாட்டேன்” என்றாள். அன்று எனக்கு ரசம் மட்டும்தான்.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது அந்த மழை நாள் வந்தது. தி. நகர் பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறி பஸ்ஸைத் திருப்பி டிப்போவுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பதினோரு மணிக்கெல்லாம் நனைந்த காகிதம் மாதிரி வீட்டுக்கு வந்தேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. கேஸ் வந்திருக்கிறது போல என்று உள்ளே நுழைந்தால், தொட்டிக்கு முன்னால் என் நாற்காலியில் மாமா. கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. நெற்றியில் புதிதாக இட்ட விபூதி. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உதடு மெல்ல அசைய, கவரிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி அபிஷேகம் செய்வது போலத் தொட்டிக்குள் விட்டார். மீன்கள் மொத்தமும் மேலே வந்து மொய்த்தன. விழுந்ததில் பத்தில் ஒன்றைக் கொத்தியிருக்கும். மற்றதெல்லாம் ஊறி, கனத்து, மணலை நோக்கி இறங்கியது. நான் பூஞ்சை என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றியது இந்த ஊறின பொரிக்குத்தான்.

மாமா என்னைப் பார்த்துப் பதறவே இல்லை. “வாங்கோ வாங்கோ. இப்படியா நனையறது? உள்ள வாங்கோ” என்று என் வீட்டுக்குள் என்னையே உபசாரமாக அழைத்தார்.

“என்ன மாமா பண்றீங்க?”

ஒரு விரலை உயர்த்தி, பொறு என்றார். கண்ணை மூடி முடிக்கவேண்டியதை முடித்தார். “ஆச்சு. இன்னியோட முப்பத்தொண்ணு.”

“என்ன முப்பத்தொண்ணு?”

“நாள். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு. பொண்ணு படுக்கையா இருக்காளோன்னோ, நல்லபடியாப் பொறக்கணும்னு ஜோசியர் சொன்னார். ஜலத்துல இருக்கற ஜீவனுக்குத் தினம் ஒரு பிடி பொரி. எல்லாரும் தெப்பக்குளத்துலதான் போடுவா. இந்த முட்டிய வச்சிண்டு நான் மாடி எறங்கி, ஆட்டோ பிடிச்சு, குளத்துப் படி எறங்கி… நடக்கற காரியமா? அப்பதான் சட்டுனு தோணித்து. எதிராத்துலயே ஜலம் இருக்கு, ஜீவன் இருக்கு, சாவி நம்மகிட்ட இருக்கு.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா.”

“கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறேள்? அதான் கேக்கல.”

தலையைத் துவட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்டேன். “நடுவுல மூணு நாள் போர்வை போட்டு மூடியிருந்தேனே. அப்ப?”

“அதை ஏன் கேக்கறேள்! இருட்டுல பட்டினியாக் கிடக்குமே, வாயில்லா ஜீவன்னு வயித்தெரிச்சலாப் போச்சு. போர்வையத் தூக்கி, அந்த மூணு நாளும் ரெண்டு ரெண்டு பிடியாப் போட்டேன்.”

“மாமா, இந்தப் பாசி…”

“நானும் தினம் பாத்துண்டுதானே இருக்கேன். நாளுக்கு நாள் ஜாஸ்தியாறது. நீங்க எங்கயோ தப்பு பண்றேள், கண்டக்டர் சார்.” சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு, கவரை மடித்து இடுப்பில் செருகி, கதவை ஜாக்கிரதையாகச் சாத்திவிட்டுப் போனார்.

சாயந்திரம் என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சொன்னேன். போர்வையைத் தூக்கிப் போட்ட கட்டத்தில் அவள் சோபாவில் உட்கார்ந்தவள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். “எழுதிக் குடுங்க” என்றாள்.

“நாளைக்கே பக்குவமா ஏதாவது சொல்லி சாவிய வாங்கிடறேன்” என்றேன். “ஆறு நாள் இருக்கு. பாதித் தண்ணி மாத்தினா ஓரளவுக்குத் தெளிஞ்சிடும்.”

அவள் சிரிப்பு நின்றது. “முப்பத்தொண்ணுல நிறுத்தச் சொல்லுவீங்களா அவர?”

“வேற என்ன பண்றது? நீதானே கெடு வச்ச?”

“பதிமூணு செவ்வாய்க்கெழம விடாம நவநாள் ஜெபத்துக்குப் போறேன்னு வேண்டிக்கிட்டுப் போனேனே, பெரியவ பொறக்கறதுக்கு முன்னாடி. ஞாபகம் இருக்கா? எட்டாவது வாரம் காய்ச்சல்னு போக முடியல. அப்புறம் என்ன பண்ணேன்?”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நான்தான் குடையோடு கூடப் போனேன்.

“அவரு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா, கொழந்த அதுக்குள்ள பொறந்து தவழ ஆரம்பிச்சிடும். தொட்டி எங்கயும் போக வேணாம். நாப்பத்தெட்டு முடியட்டும்” என்றாள்.

“அப்ப குடில்?”

அவள் பச்சைத் தொட்டியைப் பார்த்தாள், காலண்டர் வட்டத்தைப் பார்த்தாள். “அதான் தெரியல” என்றாள். அவளுக்குத் தெரியாத ஒன்று என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். ஹாலில் இன்னொரு மூலையில் ஃபிரிட்ஜ், இன்னொன்றில் கட்டில், நாலாவது வாசல். தொட்டி இருந்தால் குடிலுக்குத் தரையில் இடமில்லை. குடில் வேண்டுமென்றால் தொட்டி போகவேண்டும், தொட்டி போனால் மாமாவின் மண்டலம் போகும். பாசி பிடித்த தொட்டிக்குப் பக்கத்தில் மாதாவையும் சூசையப்பரையும் நெருக்கி உட்காரவைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஒரு டம்ளர் காப்பியோடு எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பொரி என்ன ஆகிறது, பாசி எங்கிருந்து வருகிறது, எல்லாவற்றையும் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பது போல நிதானமாக எடுத்துச் சொன்னாள். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

“ஐயையோ, நான்தான் கெடுத்தேனா? தினம் அவர்கிட்ட காரணம் வேற சொல்லிண்டிருந்தேனே!”

“நிறுத்த வேணாம் மாமா. நாப்பத்தெட்டும் எங்க வீட்லயே முடிங்க. ஆனா அந்த ஒரு பிடி… ஜோசியர் யாரோட பிடின்னு சொன்னாரா?”

மாமா யோசித்தார். “ஒரு பிடின்னார். அவ்வளவுதான்.”

“உங்க பிடி இல்ல, என் பிடியும் இல்ல. சாப்பிடறது மீன்தானே? மீனுக்குக் கை இருந்தா எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு.”

“அப்படிப் பாத்தா மூணு பொரிதான் தேறும், டீச்சர்.”

“அஞ்சு போடுங்க” என்று தாராளம் காட்டினாள்.

நான் காற்று ட்யூபில் ஒரு சாண் வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அந்த வளையத்துக்குள்தான் பொரி. பத்து நிமிஷம் மாமா காவல். பிறகு டீ வடிகட்டியால் மிச்சத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட வேண்டும். முதல் நாளே காக்கை வந்து கொத்திப் போனது. “காக்காய்க்கும் ஆச்சு. இது சனீஸ்வரன் கணக்கு, தனி” என்று மாமாவுக்கு ஏக திருப்தி.

குடில் பிரச்சினையைத் தீர்த்ததும் அவர்தான். வெள்ளிக்கிழமை மாலை கைத்தடியால் தன் வீட்டுப் பரணைக் காட்டி, “அதை எறக்குங்கோ” என்றார். கொலுப்படி. மடக்கி விரிக்கிற இரும்புப் படி, மொத்தம் ஒன்பது. “மாமி இல்லாததால இந்த வருஷம் கொலுவே வைக்கல. சும்மாத்தானே கிடக்கு? நாலு படி விரிச்சா, ஃபிரிட்ஜ் பக்கத்துல சுவத்தோட ஒட்டி நிக்கும். தரைல எடம் இல்லைன்னா மேல போயிட வேண்டியதுதானே?”

என் மனைவி படியைப் பார்த்தாள். “மாட்டுத் தொழுவம் நாலாவது மாடிலயா?” என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலை ஆரம்பித்தது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. படிகளுக்கு மேல் பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் போர்த்தி மலையாக்கினோம். வைக்கோல் தூவினோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சீரியல் பல்பு போட்டேன். நான் தொழுவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன், எந்தப் படி என்று தெரியாமல்.

“மேல் படிதான்” என்றார் மாமா. “அதுல என்ன சந்தேகம்? ஸ்வாமி உசரத்துலதானே இருக்கணும்?”

“எங்க சாமி கீழ எறங்கி வந்தவர் மாமா. அதுக்குத்தான் இந்தப் பண்டிகையே” என்றாள் என் மனைவி. “தொழுவம் அடிப் படி. சம்மனசு, அதான் தேவதூதன், மேல் படி. ராஜாங்க மூணு பேரும் நடுவுல, எறங்கி வந்துகிட்டு இருக்கட்டும்.”

மாமா மேல் படியிலிருந்து அடிப் படி வரை கண்ணால் இறங்கிப் பார்த்தார். பிறகு, “ராஜாவெல்லாம் எறங்கி வராளா. பேஷ்” என்றார். அந்த ஒட்டகத்தை ஒரு படி இறக்கி வையுங்கோ, விழுந்துடப்போறது என்று மட்டும் திருத்தம் சொன்னார். அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் குடில் விஷயத்தில் அவள் ஒத்துக்கொண்ட முதல் திருத்தம் அது. என்னுடையது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நாற்பத்தெட்டாம் நாள் மாமா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஐந்து பொரியோடு முடித்தார். கோயம்புத்தூரில் மகள் சௌக்கியமாக, இன்னும் படுக்கையில்தான் இருந்தாள். அவர் நிம்மதியாகச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் வாரம் இரண்டு தடவை பாதித் தண்ணீரை மாற்றினேன், நூல் பாசியை பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தேன், விளக்கை ஐந்து மணி நேரமாகக் குறைத்தேன். முழுக்கத் தெளிந்துவிட்டது என்று புளுக மாட்டேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தொட்டி வழியாகப் பின்சுவரின் விரிசல் தெரிந்தது. மீன்கள் மெலிந்து, ஆண் மீன்களின் கர்ப்பமும் கலைந்திருந்தது.

அந்த வாரம் ஒருநாள் ஏழு மணிக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து கேரல்ஸ் பாட வந்தார்கள். கிடாரும் டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக இருபது பேர் எங்கள் சின்ன ஹாலில். படியில் இறங்கும் ராஜாக்களைப் பார்த்துச் சிலர் போட்டோ எடுத்தார்கள். மாமா எதிர்வீட்டிலிருந்து வந்து முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்து கேக் கொடுத்தோம். தாத்தா முகமூடிக்கு அடியால் கேக்கைத் திணித்தபடி ஆடிக்கொண்டிருந்தார். அப்போது, பின்னால் நின்ற ஒரு அம்மா தொட்டியிடம் குனிந்து, “அய்யோ, எவ்வளவு அழகா வாயத் தொறக்குது பாருங்க” என்று கொஞ்சிக்கொண்டே கேக்கின் ஓரத்தைக் கிள்ளினார்.

“கை!”

வகுப்பறைக் குரல். டிரம் நின்றது, தாத்தாவின் ஆட்டமும் நின்றது. அந்த அம்மாவின் கை தண்ணீருக்கு மேல் அப்படியே நின்றது. என் மனைவி கேக் தட்டோடு இருபது பேரையும் விலக்கிக்கொண்டு போய் தொட்டிக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நின்றாள்.

“மன்னிச்சுக்குங்க. யாரும் எதுவும் போடக் கூடாது. இது எங்க தொட்டி. எவ்வளவு கஷ்டப்பட்டுத் தெளிய வச்சிருக்கோம், தெரியுமா?”

எங்க தொட்டி என்றாள். நான் அதை மனசுக்குள் இரண்டாம் முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசை நாற்காலியிலிருந்து மாமா கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“டீச்சர் சொல்றது ரொம்ப சரி” என்றார் கணீரென்று. “கண்டவா கண்டதைப் போட்டா பாசி பிடிச்சுடும்.”

என் மனைவி தட்டை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி, கேக் எடுத்து வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. கேக் ஹாலில்தான் இருந்தது.